குதிரைக்குட்டியை நாம்பன் மாடு போலப் பழக்க முடியாது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கும். மாங்குளம் பக்கம் ஒரு வளவில் லாயம், அங்கே ஏற்கெனவே வயதான இரண்டு குதிரைகள் நிற்கின்றன. நுவரெலியாவில் இருந்து இரண்டு வயது ஆண் குட்டி ஒன்றை வாங்கி வந்து இரண்டு கிழமை ஆகிறது. இரவெல்லாம் கனைக்கிறது, கொட்டிலுக்குள் சுற்றிச் சுற்றி நடக்கிறது, பலகையை உதைக்கிறது, தவிடு வைத்தால் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது, பெறாமகனின் தோளைக் கடித்தும் விட்டதாம். "கட்டையில் இறுக்கிக் கட்டி இரண்டு நாள் பட்டினி போடு, தானாக வழிக்கு வரும்" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி, செய்யாதீர்கள்.

பெரியவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. முரட்டு நாம்பனை வண்டிக்கும் கலப்பைக்கும் பழக்கிய கை அவர்களுடையது, மாட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது குறைவு. ஆனால் நீங்கள் எழுதியதை வாசித்தால், அங்கே நடக்கிற பிழைகளில் முக்கால்வாசி குதிரையைக் கொம்பில்லாத மாடு என்று நினைப்பதில் இருந்துதான் வருகிறது. பட்டினியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாடு மேய்ந்ததை உள்ளே நிரப்பி வைத்துக்கொண்டு படுத்து அசைபோடும், அரை நாள் புல் கிடைக்காவிட்டாலும் வயிற்றுக்குள் சரக்கு இருக்கும். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. அதன் இரைப்பை உடம்புக்கு மிகச் சிறியது, பெரிய குதிரைக்கே 8 முதல் 15 லீற்றர்தான் கொள்ளும், அதில் தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். மெல்லும்போது ஊறுகிற எச்சில்தான் அந்த அமிலத்தை ஆற்றுகிறது. ஐந்தாறு மணித்தியாலம் வாய் சும்மா இருந்தாலே இரைப்பையின் மேல்பாதி அரிபடத் தொடங்கும். இரண்டு நாள் பட்டினி போட்டால் வழிக்கு வராது, இரைப்பையில் புண்தான் வரும்.

இப்போது உங்கள் இரவுப் பிரச்சினையைப் பாருங்கள். மாலை ஆறு மணிக்குக் கடைசித் தீனி, விடிய ஆறு மணிக்கு அடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பன்னிரண்டு மணித்தியாலத்தில் பெரும்பகுதி அது வெறும் வயிற்றோடு இருட்டுக்குள் நிற்கிறது. காட்டில் விட்ட குதிரை ஒரு நாளில் 16 மணித்தியாலம் வரை மேய்ந்துகொண்டே நடக்கும். நெடுந்தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை இன்றும் அலைகின்றன, போனால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தலை நிலத்தில், கால் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும், ஒன்றுகூடத் தனியே நிற்காது. (அங்கிருந்து ஒன்றைப் பிடித்து வந்தால் என்ன என்று கேட்காதீர்கள், அவை பாதுகாக்கப்பட்டவை, தீவை விட்டு எடுத்து வர முடியாது.) மெல்லுவது, நடப்பது, துணை இந்த மூன்றும் ஒரே நாளில் பறிபோனால் எந்தக் குட்டியும் கொட்டிலைச் சுற்றத்தான் செய்யும். இதை நீளவிட்டால் மரத்தைக் கவ்விக் காற்றை விழுங்குகிற பழக்கம், ஒரே இடத்தில் நின்று இப்படியும் அப்படியும் ஆடுகிற பழக்கம் வரும். அது ஒட்டிவிட்டால் பிறகு எடுப்பது பெரும்பாடு.

ஆகவே முதல் வேலை துணை. உங்கள் இரண்டு பெரிய குதிரைகளும் வளவின் மறுபக்கத்தில் நிற்கின்றன, இதற்குக் கனைப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது, உருவம் தெரியவில்லை. அதைவிடக் கொடுமை இல்லை. புதிதாக வந்ததை மூன்று கிழமை வரை ஒதுக்கி வைப்பது சரிதான், மூக்குச்சளி, கழலை மாதிரித் தொற்று இருந்தால் அதற்குள் வெளியே தெரிந்துவிடும், வாளியையும் தண்ணீர்த் தொட்டியையும்கூடத் தனியாக வையுங்கள். ஆனால் ஒதுக்குவது என்றால் மூக்கு முட்டாத தூரம் மட்டுமே, கண்ணுக்குத் தெரிய வேண்டும். இடம் மாற்ற முடியாவிட்டால் பக்கத்தில் ஒரு ஆட்டைக் கட்டுங்கள், பல குதிரைகள் ஆட்டோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். மன்னாரில் இருந்து கழுதை ஒன்று கொண்டு வரலாமா என்றும் யோசிக்கிறீர்கள் போல. நல்ல துணைதான், ஆனால் கழுதையின் நுரையீரலில் ஒரு புழு சத்தமில்லாமல் குடியிருக்கும், அதற்கு ஒன்றும் செய்யாது, குதிரைக்குத் தொற்றினால் விடாத இருமல். பூச்சி மருந்து கொடுத்த பிறகே சேருங்கள்.

மூன்று கிழமை கழிந்து காய்ச்சல், சளி ஒன்றும் இல்லையென்றால் இரண்டில் சாதுவானது எதுவோ அதை மட்டும் முதலில் வேலிக்கு அப்பால் விடுங்கள். மூக்கோடு மூக்கு வைத்து ஒரு கீச்சுச் சத்தம் போடும், முன்காலால் தட்டும், அதைப் பார்த்துப் பதறி இடையில் போகாதீர்கள். சில நாள் அப்படியே விட்டு, பிறகு விசாலமான இடத்தில் ஒன்றாக விடுங்கள், மூலைக்குள் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒடுக்கமான அடைப்பில் வேண்டாம். உங்கள் கிழடுகளில் ஒன்று பெட்டை என்றால் அதோடு விடவே கூடாது, இரண்டு வயதில் இது சினைப்படுத்தும்.

தீனிக்கு வருகிறேன், இதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். நெல் ஆலை பக்கத்தில் இருப்பதால் தவிடு மலிவு, வாளி வாளியாக வைக்கிறீர்கள். குட்டி அதை விட்டுவிட்டது நல்லதுக்குத்தான். தவிட்டில் பொசுபரசு மிக அதிகம், கல்சியம் பெயருக்குத்தான் இருக்கும். நீங்கள் அறுத்துப் போடுகிற கினிப்புல்லிலும் கோ-3 என்கிற தீவனப் புல்லிலும் ஒக்சலேற்று இருக்கிறது, அது புல்லில் இருக்கிற கொஞ்சக் கல்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், குதிரைக்குச் சேரவிடாது. மாட்டுக்கு இது பெரிய விஷயமில்லை, அதன் வயிற்றில் உள்ள கிருமிகள் ஒக்சலேற்றை உடைத்துவிடும். குதிரையின் உடம்போ குறைகிற கல்சியத்தைத் தன் எலும்பில் இருந்து உருவி எடுக்கும். சில மாதங்களில் நடை பிசகும், காரணம் தெரியாமல் கால் மாறி மாறி நொண்டும், முற்றினால் முகத்து எலும்பு இரண்டு பக்கமும் வீங்கித் தலை பெரிதாகத் தெரியும். வளர்கிற வயதில் இது இன்னும் மோசம். கினிப்புல்லை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தினால் வன்னியில் வேறு என்ன கிடைக்கும்? தவிட்டைக் கைப்பிடி அளவுக்குக் குறையுங்கள், புல்லில் ஒரு பங்கை அறுகாக மாற்றுங்கள், தீனிக்கென்று விற்கிற சுண்ணாம்புக்கல் தூள் அல்லது கல்சியம் கலந்த தாதுக்கலவை எவ்வளவு போடலாம் என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள். சுண்ணாம்புக்கல் என்றதும் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள், வாய் வெந்துவிடும்.

அளவு என்று கேட்டால், காய்ந்த நிறைக்கு உடம்பின் நூற்றுக்கு 2 பங்கு. குட்டி 250 கிலோ என்று வைத்தால் 5 கிலோ உலர் தீனி, பச்சைப் புல்லாக 20 முதல் 25 கிலோ வரும். நிறை பார்க்கத் தராசு தேவையில்லை, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை சென்ரிமீற்றரில் எடுத்து அதை அதாலேயே பெருக்கி, தோள்முனையில் இருந்து பிட்டம் வரை உள்ள நீளத்தாலும் பெருக்கி 11,880ஆல் பிரித்தால் கிலோ கிட்டத்தட்ட வந்துவிடும். வளர்ந்த குதிரைக்கான கணக்கு இது, குட்டிக்குச் சற்று முன்பின் இருக்கும், பரவாயில்லை. இந்தப் புல்லை இரண்டு நேரமாக வைக்காமல் ஐந்தாறு தரமாகப் பிரியுங்கள், பெரிய பங்கு இரவுக்கு. கொட்டிலின் மூன்று நான்கு மூலைகளில் போட்டால் நடந்து நடந்து தின்னும். முல்லைத்தீவில் இருந்து பழைய மீன்வலை வாங்கி அதில் புல்லைத் தொங்கவிடுகிற வேலை வேண்டாம், அந்த நைலோன் நூல் குளம்பில் சிக்கினால் அறுக்கும்வரை விடாது. தடித்த கயிற்றில் பின்னிய வலை என்றால் சரி, காலைத் தூக்கினாலும் எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

வைக்கோல் காலபோக அறுவடைக்குப் பிறகு குவிந்து கிடக்கும், வாயை வேலையில் வைக்கக் கொஞ்சம் போடலாம், அதுவே முழுத் தீனி ஆகக்கூடாது. குடலில் அடைத்துக்கொள்ளும், முக்கியமாகத் தண்ணீர் குறைவாகக் குடிக்கிற குதிரைக்கு. பூஞ்சணம் பிடித்த வைக்கோலை மாட்டுக்குப் போடுவதே பிழை, குதிரைக்கு நுரையீரல் போய்விடும். வரம்புப் புல் அறுத்தால் எப்போது மருந்தடித்த வயல் என்று கேட்டுவிட்டு அறுங்கள். எந்தத் தீனியையும் ஒரே நாளில் மாற்றாமல் பத்துப் பதினைந்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள், முன்பு நின்ற இடத்தில் என்ன தின்றது என்று விற்றவரிடம் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். குதிரை என்றாலே கொள்ளு என்கிறார்கள் நம் ஆட்கள், அவித்து ஆற்றிக் கொஞ்சம் கொடுக்கலாம்தான், ஆனால் இந்தக் கிழமைகளில் சூட்டுத் தீனி எதற்கு, அடங்கட்டும்.

இனிக் கட்டாயம் தள்ளி வைக்க வேண்டியவை. கோழித்தீன், மாட்டுத்தீன் எதையும் வாங்கிப் போடாதீர்கள், சிலவற்றில் மொனன்சின் என்ற மருந்து கலந்திருக்கும், கோழிக்கும் மாட்டுக்கும் நல்லது, குதிரையின் இதயத்தைச் சிறு அளவிலேயே நிறுத்திவிடும். ஆட்டுக்கு ஒடிக்கிற இப்பில் இப்பில் குழையை ஆசையாகத் தின்னும், பிறகு பிடரியும் வாலும் கொத்துக் கொத்தாகக் கொட்டும். வேலியில் நிற்கிற அலரி, மஞ்சள் அலரி இரண்டையும் அதன் வாய் எட்டாதபடி வெட்டி விடுங்கள், வெட்டிய கிளையையும் காய விடாமல் அகற்றுங்கள், காய்ந்தாலும் நஞ்சு நஞ்சுதான். உண்ணி அதிகம் என்று மாட்டுக்கு அடிக்கிற அமிட்ராஸ் மருந்தைக் குதிரைக்கு அடிக்கவே கூடாது, குடல் ஓட்டம் நின்று மலம் கட்டிக்கொள்ளும். கையால் பிடுங்குங்கள், அல்லது குதிரைக்குச் சரியானதை வைத்தியர் எழுதித் தருவார். பின்னேரத்தில் பட்டிக்குப் புகை போடுகிற வழக்கம் இருக்கிறதே, அதையும் லாயத்தில் இருந்து தள்ளியே போடுங்கள்.

வெயில். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,800 மீற்றருக்கு மேலே, அங்கே இரவில் போர்வை கேட்கும் குளிர். அங்கிருந்து லொறியில் ஏறி ஒரே நாளில் வன்னிச் சூட்டுக்குள் இறங்கியிருக்கிறது. உடம்பு இதற்குப் பழக இரண்டு மூன்று கிழமை வேண்டும், அதுவரை பகல் பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் வேலை வாங்கக் கூடாது. உங்கள் கொட்டிலுக்குத் தகரக் கூரை என்றீர்கள். மேலே கிடுகு போடுங்கள், சூடும் குறையும், மாரியில் மழை தகரத்தில் விழுகிற இரைச்சலும் குறையும். பக்கச் சுவரை முழுக்க அடைக்காமல் நெஞ்சு உயரத்துக்கு மேல் திறந்து விடுங்கள். தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும், இந்தச் சூட்டில் 30, 40 லீற்றர் குடிக்கும். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு என்றால் புதிதாக வந்தது குடிக்க மறுக்கும், நல்ல தண்ணீர் கொண்டு வந்து கலந்து கலந்து பழக்குங்கள். தீனியில் நாளுக்கு 25 கிராம் அளவு உப்பு. ஒரு விஷயம் கவனியுங்கள்: வெயிலில் நடத்திய பிறகும் கழுத்தும் விலாவும் காய்ந்தே இருந்து, மூச்சு மட்டும் நாய் இளைப்பது மாதிரி வாங்கினால் அதற்கு வேர்வை நின்றுவிட்டது என்று அர்த்தம். குளிர் தேசத்தில் இருந்து வருகிற சில குதிரைகளுக்கு இது நடக்கும். நிழலில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள், வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

மத்தியானம் கொட்டிலுக்குள் போக மறுக்கிறது, பிடிவாதம் என்றீர்கள். பிடிவாதம் இல்லை தம்பி. வெளியே கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், உள்ளே இருட்டு, குதிரையின் கண் வெளிச்சத்தில் இருந்து இருட்டுக்கு மாற நம்மைவிட அதிக நேரம் எடுக்கும். அதற்கு அது ஒரு கறுப்புக் குழி. வாசலில் நிறுத்தித் தலையைத் தாழ்த்தவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள், தானே கால் வைக்கும்.

சத்தத்துக்கு என்ன செய்வது? லாண்ட்மாஸ்டர், கோயில் ஒலிபெருக்கி, ரயில் எல்லாம் சில கிழமையில் பழகிவிடும், பெரிய குதிரைகள் அசையாமல் தின்றுகொண்டு நிற்பதைப் பார்த்தாலே பாதிப் பயம் போகும். யானை வெடிதான் சிக்கல். இரவில் பக்கத்துக் காணிக்காரர் யானை கலைக்கப் போடுகிற வெடிக்கு மனிதனே துள்ளுகிறான். அதை நீங்கள் நிறுத்த முடியாது, நிறுத்தச் சொல்லவும் முடியாது. ஆகவே கொட்டிலைத் தயார்ப்படுத்துங்கள், நீட்டிக்கொண்டிருக்கிற ஆணி, தகர விளிம்பு, உடைந்த பலகை ஒன்றும் இருக்கக் கூடாது, இரவில் கழுத்துக்கயிறு போட்டுக் கட்டி வைக்கவும் கூடாது, மிரண்டு இழுத்தால் கழுத்து முறியும். வெடி கேட்டதும் ரோர்ச்சோடு கத்திக்கொண்டு ஓடாதீர்கள். வெளியே நின்று வழக்கமாகக் கதைக்கிற குரலில் கதையுங்கள், கொஞ்சம் புல் போடுங்கள். மெல்லத் தொடங்கிவிட்டால் பயம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

குட்டி உண்மையில் நிலைகொள்கிறதா என்று அறிய நல்ல அடையாளம் ஒன்று இருக்கிறது. குதிரை நின்றபடியே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்து தூங்கப் படுத்தே ஆக வேண்டும், பாதுகாப்பு என்று தோன்றாத இடத்தில் படுக்காது. விடியக் கொட்டிலுக்குப் போனதும் நிலத்தில் விரித்த உமியைப் பாருங்கள், நடுவில் அமுங்கிய தடம் இருக்கிறதா, அதன் விலாவிலும் தொடையிலும் உமி ஒட்டியிருக்கிறதா. இருந்தால் நல்ல செய்தி. வந்த நாளில் இருந்து ஒரு தடமும் இல்லை, சுற்றி நடந்த வட்டம் மட்டும் தெரிகிறது என்றால் துணையிலோ இடத்திலோ இன்னும் ஏதோ சரியில்லை.

கடிக்கு வருவோம். இரண்டு வயது ஆண் குட்டிகள் ஒன்றையொன்று கடித்துத்தான் விளையாடும், கூட்டாளி இல்லாததால் உங்கள் பெறாமகன் அகப்பட்டான். கையால் கரட்டும் வெல்லமும் ஊட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள், வாளியில் போடுங்கள். மூக்கில் அடிக்காதீர்கள், அடித்தால் அதை விளையாட்டாக எடுத்து இன்னும் வேகமாகக் கடிக்கும், அல்லது தலையைத் தொடவே விடாது. தலைக்கயிற்றில் ஒரு முழம் தள்ளிப் பிடித்து, வாய் திரும்பினால் முழங்கையை விறைப்பாக வைத்து அதுவாக வந்து முட்டட்டும். தடவிக் கொடுக்க விரும்பினால் முகத்தைத் தடவாமல், பிடரி முடிகிற இடத்தில், தோளுக்கு மேலே திரண்டு நிற்கிறதே, அங்கே நகத்தால் அழுத்திச் சொறியுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று சொறிந்துகொள்கிற இடம் அது, அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பே இறங்கும். சரியான இடம் பட்டால் கழுத்து நீளும், மேலுதடு முன்னால் நீண்டு நடுங்கும், கண் பாதி மூடும். நடத்தப் பழக்கும்போது கயிற்றை மெல்ல இழுத்துப் பிடியுங்கள், ஒரு அடி வைத்த அதே நொடியில் தளர்த்துங்கள். தளர்வுதான் அதற்குப் பாடம், இழுப்பு இல்லை. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும், ஒரே ஆள், ஒரே நேரம். நாலு பேர் நாலு விதமாகக் கத்துகிற இடத்தில் ஒரு குட்டியும் பழகாது.

இன்னொன்று, இந்த வயதில் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கத் தொடங்கும். பாதி மென்ற புல்லை உருண்டையாகத் துப்பினால் வைத்தியருக்கு வாயைத் திறந்து காட்டுங்கள், கோபத்துக்குக் காரணம் அங்கேயும் இருக்கலாம். கலியாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிற யோசனையை இப்போதைக்கு மடித்து வையுங்கள். முழங்கால் எலும்பின் வளர்ச்சி இரண்டரை வயதளவில்தான் முடியும், முதுகெலும்புக்கு ஐந்து ஆறு வயது செல்லும், மேளத்துக்கும் வெடிக்கும் நடுவில் மாப்பிள்ளையை ஏற்றுகிற வயதா இது? இனப்பெருக்க எண்ணம் இல்லையென்றால் நலமடித்துவிடுவது நல்லது, ஆனால் நாம்பனுக்குச் செய்கிற இடுக்கி முறை குதிரைக்கு ஆகாது, வைத்தியர் மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்ய வேண்டும்.

அதற்கு முன்பே ஏற்புவலித் தடுப்பூசி. இதைத் தள்ளிப் போடாதீர்கள். கால்நடைகளில் அந்த நோய்க்கு மிக எளிதில் விழுவது குதிரைதான், வன்னி நிலத்தில் துருப்பிடித்த முட்கம்பியும் இரும்புத் துண்டும் இன்னும் கிளம்பிக்கொண்டுதான் இருக்கின்றன. நான்கு முதல் ஆறு கிழமை இடைவெளியில் இரண்டு ஊசி, ஒரு வருடத்தில் மறுபடி ஒன்று. நடத்திக்கொண்டு போகிற பாதையும் மாடு தினமும் போய் வருகிற பாதையாக இருக்கட்டும், மிதிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகை நட்ட காணிப் பக்கம் கயிறு நழுவி ஓடினால் பின்னால் நீங்களும் ஓடுவீர்கள்.

காய்ச்சல்மானி ஒன்று வாங்கி வையுங்கள், 37.5 முதல் 38.5 பாகை வரை சரி. நிலத்தைக் கீறுவது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, விழுந்து உருள்வது, லத்தி போடாமல் இருப்பது, இவற்றில் எதைக் கண்டாலும் தீனியை எடுத்துவிட்டு உடனே போன் பண்ணுங்கள். குதிரைக்கு வாந்தி வராது, உள்ளே சிக்கியது மேலால் வெளியேற வழியே இல்லை. கைமருந்து காய்ச்சி மூங்கில் கொட்டத்தால் வாயில் ஊற்றுகிற வேலையும் வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். உங்கள் பிரதேசத்து அரச மிருக வைத்தியரிடம் இப்போதே போய் ஒரு தடவை குட்டியைப் பற்றிச் சொல்லி வையுங்கள், அவருக்குக் குதிரை புதிது என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலையில் கேட்டுச் சொல்வார், இரவு பன்னிரண்டு மணிக்கு முதன்முதலாக அவரைத் தேடுவதைவிட அது மேல்.

லாடம் அடிக்கவா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், இந்த மண்ணில் நடக்க வெறுங்குளம்பு போதும். ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒரு தரம் சீவ வேண்டும், அதற்காக இப்போதே தினமும் ஒவ்வொரு காலாகத் தூக்கி இறக்கிப் பழக்குங்கள், முதலில் ஒரு நொடி, பிறகு கூட்டலாம். மாரி தொடங்குவதற்குள் கொட்டில் வாசலில் கிரவல் போட்டு மேடாக்குங்கள், சேற்றில் நின்றால் குளம்பின் அடிப்பள்ளம் அழுகிக் கறுப்பாகி நாற்றம் எடுக்கும். குளம்பு தோண்டுகிற கொக்கி உங்களிடம் இல்லையென்றால் ஊர்க் கொல்லரிடம் சொல்லி முனை மழுங்கலாக ஒன்று அடிப்பித்துக்கொள்ளலாம்.